தம்பி எடுத்துக்காட்டும் வசனம்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் நடுவயதுப் பெண் நான். மறதி நோய் முற்றிவரும் அம்மா என்னோடு இருக்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையாரோடு தங்கும் விடுதிக்குச் சென்று, நம் ஊர் ஊழியர்களைப் பார்த்து வருவது என் வழக்கம். அவர்களில், வேலையிடத்தில் இரண்டு விரல்கள் நசுங்கி மருத்துவ விடுப்பில் இருக்கும் ஓர் இளைஞருக்கு மாதம் 200 வெள்ளி கொடுக்கிறேன். திருநெல்வேலியில் மாடி எடுத்துக் கட்டும் என் தம்பி, தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்ற வசனத்தைக் காட்டி, அந்தப் பணத்தைத் தனக்கு அனுப்பச் சொல்கிறான். பணிப்பெண்ணுக்கு ஞாயிறு விடுப்பு என்பதால், நான் திரும்பும்வரை அம்மா பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் இருப்பார். அவர் முகம் சுளித்ததில்லை, எனக்குத்தான் கூசுகிறது. யாருக்கு நான் முதலில் கடமைப்பட்டவள்?

வாசகி, ஈசூன்

அன்புள்ள சகோதரி,

உங்கள் தம்பி காட்டும் வசனம், வேதாகமத்தில் பவுலின் கடிதமான 1 தீமோத்தேயு 5:8. அந்தப் பகுதி விதவைகளின் பராமரிப்பைப் பற்றியது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெற்றோருக்குப் பதில் நன்மை செய்யட்டும் என்று நான்காம் வசனத்திலேயே பவுல் சொல்லிவிடுகிறார். ஆகவே அந்த வசனம் யாரையாவது கேள்வி கேட்குமானால், அம்மாவின் செலவில் பங்கெடுக்காமல் மாடி கட்டுகிறவரையும் சேர்த்தே கேட்கும். வீட்டாருக்கே முதலிடம் என்று பொதுவாக ஒப்புக்கொண்ட 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ்கூட, அத்தகைய அவசரத் தேவை இல்லாத தகப்பனைவிடக் கடும் நெருக்கடியில் இருக்கும் அந்நியருக்கே முதலில் உதவ வேண்டிய சூழல் உண்டு என்றார். மாடி ஓர் ஆசை. அதற்கு மறுப்புச் சொல்வதால் உடன்பிறந்தவர் மீதுள்ள அன்பு குறைந்துவிடாது.

அந்த இளைஞருக்கு உங்கள் பணத்தைவிட உங்கள் தமிழும் ஆங்கிலமும் அதிகம் பயன்படலாம். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி மருத்துவ விடுப்புக்கால ஊதியத்தையும் சிகிச்சைச் செலவையும் முதலாளி தர வேண்டும்; அவை கிடைக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் மனிதவள அமைச்சை அணுகத் துணை நில்லுங்கள். இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவரைக் காப்பாற்றிய நல்ல சமாரியனும் சத்திரக்காரரிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்துப் பொறுப்பை ஒப்படைத்த பிறகு தன் பயணத்தைத் தொடர்ந்தவர்தான்.

கேட்கக் கசந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். விடுதியில் உங்களை நன்றியோடு வரவேற்கிறார்கள். வீட்டிலோ ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கும் அம்மாவுக்கு நீங்கள் செய்வது எதுவும் நினைவில் நிற்பதில்லை. அந்தச் சில மணி நேரம் உங்களுக்கு மூச்சுவிடும் இடமாகிவிட்டது. அதில் குற்றமில்லை, ஆனால் அதன் விலையைப் பக்கத்து வீட்டு அக்கா கொடுக்கலாகாது. அவரிடம் மனம்விட்டுக் கேளுங்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் மட்டும் விடுதிக்குச் சென்று, மற்றவற்றைச் சபையாரிடம் விடுங்கள். முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் அம்மாவுக்கு இடம் கிடைக்குமா என்றும் விசாரித்து, அந்தக் கட்டணத்தில் பாதியைத் தம்பி ஏற்க வேண்டும் என்று அவருக்கு எழுதுங்கள்.