நாலு டம்ளர் பால் குடிச்சா சோறு எங்க இறங்கும்?

கேள்வி: அக்கா, நாங்க காட்பாடி. பையனுக்கு நாலு வயசு. தயிர் சாதம், சிப்ஸ், பிஸ்கட், இதைத் தவிர எதையும் தொட மாட்டேங்கறான். கீரையை வாயில வெச்சா துப்பிடறான். எங்க அத்தை போன்ல கார்ட்டூன் போட்டுட்டு ஒரு மணி நேரம் ஊட்டுவாங்க. பால் மட்டும் பவுடர் கலந்து நாலு டம்ளர் குடிச்சிடுவான். காய் கீரை எப்படி சாப்பிட வைக்கிறது?

பதில்: கீரைக்கு அப்புறம் வரலாம்மா, முதல்ல அந்தப் பாலைக் குறைங்க. இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர், அரை லிட்டருக்குள்ள போதும். அதுக்கு மேல போனா வயிறு ரொம்பிடும், பசியே எடுக்காது, பால்ல இரும்புச்சத்தும் கிடையாதுன்னே சொல்லலாம், அதனாலதான் பாலை மட்டும் நம்பி வளர்ற நிறைய பிள்ளைங்களுக்கு ரத்தசோகை வருது. பவுடர் டப்பா பின்னாடி சர்க்கரை எவ்வளவுன்னு படிச்சுப் பாருங்க. பிஸ்கட்டை வீட்ல வாங்கியே வெக்காதீங்க, கண்ணுல பட்டா கேக்கத்தான் செய்வான்.

பொறந்து ஒரு வருஷத்துல குழந்தை மூணு மடங்கு வெயிட் போடும், அதுக்கப்புறம் வருஷத்துக்கு சுமார் ரெண்டு கிலோதான் ஏறும், அப்போ பசியும் குறையத்தான் செய்யும். இதை அத்தைகிட்ட பொறுமையா எடுத்துச் சொல்லுங்க, அவங்க பாசத்துலதான் ஊட்டுறாங்க. போனை ஆஃப் பண்ணிட்டு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க, அவன் தட்டுல நீங்க சாப்பிடற பொரியல்ல ஒரு ஸ்பூன் வெச்சுட்டு விட்டுடுங்க. சாப்பிடுன்னும் சொல்ல வேணாம், சாப்பிட்டா சாக்லேட் தரேன்னும் சொல்ல வேணாம். எவ்வளவு சாப்பிடணும்னு அவன் வயிறு சொல்லட்டும். அரை மணி நேரத்துல தட்டை எடுத்துடுங்க, திட்டாதீங்க. ஒரு புது காயை பத்து பதினஞ்சு தடவை பார்த்து, தொட்டு, நக்கின பிறகுதான் நிறைய பிள்ளைங்க முழுங்கவே ஆரம்பிக்கும். நாம மூணாவது தடவையே "இவனுக்குப் பிடிக்காது"ன்னு முடிவு கட்டிடறோம், அங்கதான் எனக்கு மனசு ஆறல.

நம்ம பக்கத்து சிமிலி உருண்டை இருக்கே, அதை விட்டுட்டு எதுக்கும்மா கடை பிஸ்கட்? கேவுரு, அதான் கேழ்வரகு, மாவுல துளி உப்பு போட்டுப் பிசைஞ்சு அடை தட்டி, ரெண்டு பக்கமும் நல்லா வேகவிட்டு, சூட்டோட பிச்சுப் போட்டு, வறுத்து தோல் எடுத்த வேர்க்கடலை, கொஞ்சம் வெல்லம் சேர்த்து இடிச்சா கையில எண்ணெய் ஒட்டற மாதிரி வரும், அப்போ உருண்டை பிடிக்கணும். அந்த உருண்டையை அவனையே பிடிக்கச் சொல்லுங்க, பிடிக்கும்போதே பாதி வாய்க்குப் போயிடும். கடலை மட்டும் நல்லா நசுங்கியிருக்கணும், முழுசா இருந்தா சின்னப் பசங்களுக்கு தொண்டையில மாட்டும். நூறு கிராம் கேவுருல சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு, பாலைக் குறைச்சா எலும்பு என்ன ஆவும்னு அத்தை கேட்டா இதைச் சொல்லுங்க. இதே அடை மாவுல முருங்கைக்கீரையைப் பொடியா நறுக்கிப் போட்டு சுடலாம், ஆனா கீரை இருக்குன்னு சொல்லிட்டே கொடுங்க, ஒளிச்சு வெச்சு ஒரு நாள் கண்டுபிடிச்சிட்டான்னா அடையையும் நம்ப மாட்டான்.

மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய், 2023ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஊர் காய், காம்புல முள்ளு குத்தாம அவனே பார்த்துப் பொறுக்கட்டும்.

வெயிட் இறங்கினாலோ, முழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, மண்ணு, சுண்ணாம்புன்னு தின்னாலோ காத்திருக்காம குழந்தை டாக்டர்கிட்ட காட்டி ரத்தத்துல ஹீமோகுளோபின் பார்த்துடுங்க. அங்கன்வாடியில பூச்சி மாத்திரை கொடுக்கும்போதும் தவறாம வாங்கிப் போட்டுடுங்க.