கப்பல் பெயின்ட்டால் மலடான நத்தைகள்: கேள்வி பதில்

கப்பலின் அடிப்பாகத்தில் பூசும் பெயின்ட் கடல் நத்தைகளின் இனப்பெருக்கத்தைக் கெடுத்தது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ரேவதி: பெண் நத்தைக்கு ஆணுறுப்பு முளைத்தது என்கிறார்களே, நிஜமாகவா சார்?

நிஜம்தான். 1970-இல் இங்கிலாந்தின் பிளிமத் கரையில் ஸ்டீஃபன் பிளேபர் என்ற ஆய்வாளர் டாக்வெல்க் நத்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாறையில் ஒட்டி வாழ்ந்து, கொட்டலசையும் (பாறையில், கப்பலடியில் ஒட்டிக்கொள்ளும் ஓடுள்ள சிற்றுயிர், பார்னக்கிள்) மட்டியையும் துளைத்துத் தின்னும் சின்ன நத்தை இது. பெண்களில் சிலவற்றின் வலது உணர்கொம்புக்குப் பின்னால் ஆணுறுப்பு போல ஒன்று வளர்ந்திருந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கனெக்டிகட் கரையில் ஸ்மித் என்பவர் வேறொரு சேற்று நத்தையில் இதையே கண்டு 'இம்போசெக்ஸ்' என்று பெயர் வைத்தார். படகுத்துறைகளை ஒட்டித்தான் இது அதிகம் என்பதைத் தொடர்ந்து போய், 1981-இல் படகுப் பெயின்ட்டில் இருந்த ட்ரைபியூட்டைல்டின்தான் காரணம் என்று காட்டியவரும் அவரே. சுருக்கமாக டி.பி.டி.

கார்த்திக்: உறுப்பு முளைத்தால் முளைத்துவிட்டுப் போகட்டும், அதனால் இனமே எப்படி அழியும்?

நல்ல கேள்வி தம்பி. உறுப்போடு நின்றிருந்தால் பெரிய சேதமில்லை. கூடவே ஒரு விந்துக்குழாயும் உருவாகிறது. அது வளர்ந்து வளர்ந்து முட்டை வெளியேறும் வாயையே மூடிவிடுகிறது. உள்ளே முட்டைப்பைகள் உருவாவது மட்டும் நிற்பதில்லை. வெளியே வர வழியில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்துக்கொண்டு, பழுப்பு நிறக் கட்டியாக இறுகிப்போகின்றன. அப்படிப்பட்ட பெண் நத்தையை அறுத்துப் பார்த்தால் அந்தக் கட்டிதான் கண்ணில் படும். பல பெண்கள் அதனாலேயே செத்தும் போகின்றன.

இன்னொன்று, டாக்வெல்க் குஞ்சுகள் தண்ணீரில் மிதந்து பரவுவதில்லை. பாறை இடுக்கில் ஒட்டியிருக்கும் முட்டைப்பையிலிருந்து குட்டி நத்தையாகவே ஊர்ந்து வெளியே வரும். ஒரு கரையில் இனம் அற்றுப்போனால் பக்கத்துக் கரையிலிருந்து ஊர்ந்து வந்துதான் நிரம்ப வேண்டும். அதற்குப் பல வருடம் பிடிக்கும்.

ஷாஹுல்: எவ்வளவு டி.பி.டி. இருந்தால் இந்த நிலை?

லிட்டருக்கு ஒரு நானோகிராம் போதும், அறிகுறி தொடங்கிவிடும். சுமார் 5 நானோகிராமில் பெண்களில் பெரும்பாலானவை மலடு. 400 ஒலிம்பிக் நீச்சல் குளங்களின் தண்ணீரில் ஒரே ஒரு கிராமைக் கரைத்தால் வருவதுதான் லிட்டருக்கு ஒரு நானோகிராம்.

மீனா: உடலுக்குள் என்னதான் செய்கிறது?

ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடுகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வேறு வழியைக் காட்டினார்கள். செல்லுக்குள் ரெட்டினாய்டு எக்ஸ் ஏற்பி என்று ஒரு புரதம் உண்டு. டி.பி.டி. அதில் போய் ஒட்டிக்கொண்டு, உறுப்பை வளர்க்கும் கட்டளையைத் தவறாகக் கொடுக்கிறது. அந்த ஏற்பியை வழக்கமாகத் தூண்டும் ரெட்டினாயிக் அமிலத்தைப் பெண் நத்தைக்கு ஊசியில் ஏற்றியபோதும் இதே உறுப்பு வளர்ந்தது.

அந்தோணி: இவ்வளவு தெரிந்தும் ஏன் பூசினார்கள்?

கப்பல் அடியில் கொட்டலசும் பாசியும் பிடித்தால் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு ஏறும். டி.பி.டி. அதைப் பிரமாதமாகத் தடுத்தது.

எனக்கு ஆறாத விஷயம் தடை வந்த வரிசைதான். பிரான்ஸின் ஆர்காஷோன் வளைகுடாவில் 1970-களின் கடைசியில் சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை, பெரிய சிப்பிகளின் ஓடும் தடித்து அறை அறையாகப் பிரிந்துபோனது. வியாபாரம் படுத்ததும் 1982-இல் 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்குத் தடை போட்டார்கள். பிரிட்டனில் 1987. பெரிய கப்பல்களுக்கான உலக ஒப்பந்தம் 2001-இல் ஏற்கப்பட்டு, 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. விற்பனைச் சரக்கான சிப்பிக்கு ஓடி வந்த சட்டம், யாரும் வாங்காத நத்தைக்கு மெதுவாக வந்தது என்பதுதான் என் கருத்து.

ரேவதி: பாதிக்கப்பட்ட பெண் பிறகு சரியாகுமா?

ஆகாது. முளைத்தது முளைத்ததுதான். பழைய தலைமுறை போய், சுத்தமான தண்ணீரில் பிறந்தவை வளர வேண்டும். தடைக்குப் பிறகு பிரிட்டன் கரைகளில் அப்படித்தான் இனம் மீண்டு வந்தது. கென்ட் கரையில் டம்ப்டன் என்ற இடத்தில் ஒரு வினோதம்: அங்கே ஆண்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே உறுப்பு சிறியது அல்லது இல்லவே இல்லை. அதே மரபுக் குறை உள்ள பெண்களுக்கு டி.பி.டி. இருந்தும் முட்டைவழி அடைபடவில்லை. அக்கம்பக்கத்துக் கரைகளில் நத்தை அற்றுப்போனபோதும் அங்கே இனம் தப்பியது.

கார்த்திக்: அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

முழுக்க இல்லை. தண்ணீரில் டி.பி.டி. சீக்கிரம் சிதைந்துவிடும், ஆனால் காற்றுப் புகாத துறைமுகச் சேற்றில் பல வருடம் அப்படியே கிடக்கும். ஆழப்படுத்தத் தோண்டும்போது மறுபடி கிளம்பும். பதிலுக்கு வந்த பெயின்ட்டுகளில் தாமிரம்தான் அதிகம், கூடவே சைபியூட்ரின் போன்ற பாசிக்கொல்லிகள். சைபியூட்ரினுக்கும் 2023 ஜனவரி முதல் அதே ஒப்பந்தத்தின் கீழ் தடை வந்துவிட்டது.