தூக்கிப் பார்ப்பதும் தூக்கி வைப்பதும்

கேள்வி: 'ஓவர்எஸ்டிமேட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு 'மிகைமதிப்பிடு' என்று ஒரு மொழிபெயர்ப்பில் போட்டேன். படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். வேறு நல்ல சொல் உண்டா? 'ஓவர்ரேட்' என்பதும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: முகம் சுளித்தவர்கள் பக்கம்தான் நான். செலவையோ கூட்டத்தையோ உள்ளதைவிடக் கூடுதலாகக் கணித்துவிட்டால் 'மிகை மதிப்பீடு' என்று எழுதுங்கள், உறுத்தாது. அது கணக்கு அறிக்கைக்கான சொல். ஆனால் நண்பனிடம் ஏமாந்து நிற்கிறவன் "அவனை மிகைமதிப்பிட்டுவிட்டேன்" என்று சொல்லமாட்டான். "அவனைப் பெரிய ஆளாக நினைத்துவிட்டேன்" என்பான். உங்கள் வினைச்சொல்லுக்கு அதுதான் தமிழ். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் வரவேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

உங்கள் சொல்லின் நடுவில் உட்கார்ந்திருக்கும் 'மதி'யைக் கொஞ்சம் பாருங்கள். ஒருவரை மதிக்கிறோம்; ஒரு பொருளை மதிப்பிடுகிறோம். மரியாதையும் விலையும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஆங்கிலத்திலும் இதே கதைதான். மரியாதையைக் குறிக்கும் 'எஸ்டீம்', கணிப்பைக் குறிக்கும் 'எஸ்டிமேட்' இரண்டுக்கும் லத்தீனில் ஒரே மூலம். உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இன்னொரு பள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன், மொழிபெயர்ப்பவர்கள் அடிக்கடி விழுகிற பள்ளம். 'கேனாட் பி ஓவர்எஸ்டிமேட்டட்' என்று ஆங்கிலத்தில் வரும். அதை "இதன் முக்கியத்துவத்தை மிகைமதிப்பிட முடியாது" என்று எழுதி ஒரு கட்டுரை எனக்கு வந்தது. படித்தால், இதற்கு அவ்வளவு முக்கியத்துவமெல்லாம் கொடுக்க முடியாது என்பதுபோல இருக்கிறது. மூலம் சொல்வது நேர் எதிர். "இதன் பெருமையை எவ்வளவு சொன்னாலும் தகும்" என்று மாற்றினேன். ஆங்கிலம் பேசுகிறவர்களே இங்கே தடுமாறுகிறார்கள். இதே பொருளில் 'கேனாட் பி அண்டர்எஸ்டிமேட்டட்' என்று எழுதிவிடுகிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், எவ்வளவு மட்டமாக நினைத்தாலும் தகும் என்று ஆகிவிடும். 'கேனாட்' என்ற ஒரே சொல் 'முடியாது', 'கூடாது' இரண்டையும் சுமப்பதுதான் கோளாறு. நமக்கு இரண்டும் தனித்தனி. "குறைத்து மதிப்பிடக் கூடாது" என்றால் தீர்ந்தது. இந்த வசதியை வைத்துக்கொண்டு நாம் ஏன் 'முடியாது' போட்டுக் குழப்ப வேண்டும்?

சரி, 'ஓவர்ரேட்'டுக்கு வருகிறேன். 'ஓவர்எஸ்டிமேட்' அளவுக்கும் வரும், தரத்துக்கும் வரும். தூரம், நேரம், செலவு, ஆள் எல்லாவற்றையும் அதில் அடக்கலாம். 'ஓவர்ரேட்' தரத்துக்கு மட்டும்தான். அதற்குத் தமிழில் அருமையான தொடர் இருக்கிறது: தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவது. இந்தத் 'தூக்கு' பழைய தமிழில் எடைபோடுவதையும் குறிக்கும். "துணைவலியும் தூக்கிச் செயல்" என்ற குறளில் வருவது அந்தப் பொருள்தான். கையில் தூக்கிப் பார்த்தால் எடை தெரியும். தலையில் தூக்கி வைத்த பிறகு எப்படித் தெரியும்?

அதே அதிகாரத்தில் "அளவறியான் தன்னை வியந்தான்" என்றும் வருகிறது. தன்னைத்தானே ஓவர்எஸ்டிமேட் செய்துகொள்பவனுக்கு இதைவிடக் கச்சிதமாக யாரும் எழுதிவிட முடியாது. 1981-ல் வெளியான ஓர் ஆய்வில், வண்டி ஓட்டும் திறமையில் நீங்கள் எந்த இடம் என்று கேட்டதற்கு, கேட்கப்பட்ட அமெரிக்கர்களில் 93 விழுக்காட்டினர் தங்களை மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்குத்தான் அங்கே இடம். அத்தனை பேரும் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்கள். 'ஓவர்எஸ்டிமேட்' மனசு செய்யும் தப்பு. வாய் செய்யும் தப்புக்கு 'ஓவர்ஸ்டேட்' என்று வேறு சொல் இருக்கிறது. தமிழில் 'மிகைப்படுத்து' என்பது அந்த வாய்த்தப்புக்குத்தான். அதைக் கொண்டுபோய் 'ஓவர்எஸ்டிமேட்'டுக்குப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், மிகை என்றதும் என் பழைய சண்டை ஞாபகம் வருகிறது: "என்று சொன்னால் அது மிகையாகாது." உண்மையிலேயே மிகை இல்லாத இடத்தில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. தண்ணீர் நனைக்கும் என்று சொன்னால் அது மிகையாகாது என்று எவரும் பேசி நான் கேட்டதில்லை. கண்ணில் படும் கட்டுரையிலெல்லாம் இந்தத் தொடரை அடித்துவிடுவேன். இதற்காகக் கோபித்துக்கொண்டு எழுதுவதையே நிறுத்தியவர்கள் உண்டு. வருத்தம்தான், ஆனாலும் அடிப்பேன். ஒருமுறை ஓர் அஞ்சலிக் கட்டுரையில் "அவர் நடமாடும் நூலகம் என்று சொன்னால் அது மிகையாகாது" என்று இருந்தது. வாக்கியத்தையே எடுத்துவிட்டு, அவரிடம் நீங்கள் பார்த்தது என்ன, அதை எழுதுங்கள் என்று கேட்டு அனுப்பினேன். பதில் வந்தது. மின்சாரம் போன ஒரு ராத்திரியில் ஏதோ புத்தகம் வேண்டும் என்று இவர் கேட்டாராம். பெரியவர் விளக்குக்கூட எடுக்காமல் எழுந்து போய், இருட்டில் அலமாரியைத் தடவி, மூன்றாவது தட்டில் கைவைத்து அந்தப் புத்தகத்தை உருவிக் கொடுத்தாராம். அந்தப் பத்தியை ஓர் எழுத்துகூட மாற்றாமல் போட்டேன்.