‘புரிகிறது அக்கா’ என்றால் நம்பாதீர்கள்

கேள்வி: எம்.காம். முடித்துவிட்டு, திருநகரில் எங்கள் வீட்டு மாடியில் மாலை நேரத்தில் பி.காம். மாணவர்கள் ஆறு பேருக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுக்கிறேன். எல்லோரும் அரியர் வைத்திருப்பவர்கள். நான்கு பேர் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள். ஒவ்வொரு கணக்கையும் போர்டில் வரி வரியாகப் போட்டுக் காட்டுகிறேன். கேட்டால் ‘புரிகிறது அக்கா’ என்கிறார்கள். நவம்பர் தேர்வில் ஒருவர்தான் தேறினார். ஒரு பையனின் அப்பா வந்து, ‘ஏப்ரலிலாவது தேறிவிடுவானா?’ என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னும் மெதுவாக நடத்த வேண்டுமா? நானே நோட்ஸ் எழுதிக் கொடுக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: மெதுவாகவும் வேண்டாம், நோட்ஸும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் ‘போட்டுக் காட்டுகிறேன்’ என்பதுதான். அந்த மாடியில் இத்தனை மாதமாகக் கணக்குப் போட்டவர் நீங்கள் ஒருவரே. நவம்பரில் நீங்கள் போய் உட்கார்ந்திருந்தால் கட்டாயம் தேறியிருப்பீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வணிகவியல் ஆசிரியராக இருந்த நானும் முதல் பத்து ஆண்டுகள் இதையேதான் செய்தேன். என் கரும்பலகை பார்க்க அழகாக இருக்கும். விடைத்தாள்களைத்தான் பார்க்க முடியாது.

என்னை மாற்றியது ஒரு பையனின் நோட்டு. ‘ரொக்கத்துக்குச் சரக்கு விற்றது ரூ.5,000’ என்று கொடுத்தால், ரொக்கக் கணக்கை வரவு (கிரெடிட்) வைத்து, விற்பனைக் கணக்கைப் பற்று (டெபிட்) வைத்திருப்பான். தலைகீழ். ஒவ்வொரு முறையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘உள்ளே வருவது பற்று, வெளியே செல்வது வரவு’ என்ற விதியைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த விதி அவனுக்கு மனப்பாடம். ஆனாலும் அதே தவறு. ஒருநாள் வெறுத்துப்போய், திட்டுவதற்குப் பதிலாக, ‘ஏனப்பா இப்படி எழுதினாய்?’ என்று கேட்டேன். ‘பணம் வருகிறதே சார், வரவுதானே?’ என்றான். பையில் இருந்த வங்கி பாஸ் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினான். அவன் போட்ட பணமெல்லாம் கிரெடிட் பகுதியில் இருந்தது!

அவன் பக்கம் இரண்டு சாட்சிகள் இருந்தார்கள். ஒன்று நம் தமிழ், இன்னொன்று வங்கி. இந்த இரண்டையும் எதிர்த்து என் ஒற்றை வரி விதி எப்படி நிற்கும்?

அவன் அப்பா உசிலம்பட்டிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தார். ‘கடனுக்கு அரிசி வாங்கிக்கொண்டு போகிறவர் பேரில் அப்பா நோட்டில் என்ன எழுதுவார்?’ என்று கேட்டேன். ‘பற்று’ என்றான். ‘அவரே பிறகு பணம் கொண்டுவந்து கொடுத்தால்?’ ‘அவர் பேரில் வரவு.’ ‘ஆக, வாங்கிக்கொண்டவருக்குப் பற்று, கொடுத்தவருக்கு வரவு. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டது எது?’ கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தான். ‘கல்லாப்பெட்டி’ என்றான். பிறகு நான் எதுவும் சொல்லவில்லை. அவனே நோட்டை இழுத்து ரொக்கத்தைப் பற்றுக்கு மாற்றினான். பாஸ் புத்தகத்தையும் அவனேதான் அவிழ்த்தான்: ‘இது பேங்க்காரர் நோட்டு சார். நான் கொடுத்தேன், அதனால் என் பேரில் வரவு வைத்திருக்கிறார்.’

உங்கள் தமிழ் வழி மாணவர்கள் நால்வரில் இரண்டு பேருக்காவது இந்தக் குழப்பம் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். ஆனால் நீங்கள் கேட்காதவரை அது வெளியே வராது. ‘புரிந்ததா?’ என்பது கேள்வியே இல்லை. அதற்கு மரியாதைப்பட்ட பிள்ளை சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான். ‘ஏன் இப்படி எழுதினாய்?’ என்று கேளுங்கள். விடை சரியாக இருக்கும்போதும் கேளுங்கள். தவறும்போது மட்டும் கேட்டால், ‘ஏன்’ என்றாலே தப்பு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கேட்டபின் காத்திருங்கள். பள்ளி வகுப்பறைகளை ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அந்த மூன்று விநாடி நமக்கு மூன்று நிமிடமாகத் தெரியும். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

போர்டில் போட்டுக் காட்டுவதை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. முதல் கணக்கை முழுதாகப் போடுங்கள். இரண்டாவதைப் பாதியில் விட்டுவிடுங்கள். ஒரு லட்ச ரூபாய் இயந்திரம், குறைந்துசெல் இருப்பு முறையில், அதாவது ஆண்டுதோறும் மீதமிருக்கும் மதிப்பில், 10 சதவீதத் தேய்மானம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 10,000, இரண்டாம் ஆண்டு 9,000 என்று எழுதிவிட்டு, சாக்பீஸை ஒரு மாணவர் கையில் கொடுத்துவிட்டு உட்காருங்கள். 8,100 என்று எழுதினால் புரிந்திருக்கிறது. 8,000 என்று எழுதினால், கணக்கைப் பார்க்காமல் எண்களின் வரிசையைப் பார்த்திருக்கிறார். 10,000 என்றால் ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழிக்கும் நேர்கோட்டு முறையோடு குழப்பிக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டு தவறுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றாவது கணக்கு முழுக்க அவர்களுடையது.

நோட்ஸ் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், படித்ததையே திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல ஒரு மயக்கம் வரும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். உங்கள் மாணவர்களுக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வரப்போவதில்லை. ஆகவே ஒவ்வொரு மாலையும் முதல் கால் மணி நேரம் நோட்டை மூடச் சொல்லி, போன வாரத்துக் கணக்கு ஒன்று, போன மாதத்துக் கணக்கு ஒன்று. மதிப்பெண் போடாதீர்கள். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

இன்னொன்று. தேய்மானம் தெரிந்த பிள்ளை ‘டெப்ரிசியேஷன்’ என்ற சொல்லைப் பார்த்துப் பேனாவை மூடிவைத்துவிடுவதுண்டு. குறிப்பேடு என்றால் ஜர்னல், பேரேடு என்றால் லெட்ஜர், இருப்பாய்வு என்றால் ட்ரையல் பேலன்ஸ். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி இரண்டு பத்தியாக அவர்களே எழுதிக்கொண்டு வரட்டும். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஒரு பத்தியைக் கையால் மறைத்துச் சொல்லிப் பார்க்கலாம்.

நவம்பர் முடிவை வைத்து மனம் உடைய வேண்டாம். தீபாவளி நேரத்தில் விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் நள்ளிரவு வரை நின்றுவிட்டுத் தேர்வுக்கு வருகிற பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆறு பேரில் யாராவது அப்படி உண்டா என்று விசாரியுங்கள். உண்டென்றால், அவர்களுக்குத் தேர்வுக்கு முந்தைய வாரம் உதவாது. வேலை இல்லாத மாதங்களில்தான் பாடம் ஏற வேண்டும்.

அந்த அப்பாவுக்கு வாக்குறுதி எதுவும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த முறை வரும்போது மாடிக்கு அழைத்து ஒரு நாற்காலி போடுங்கள். பையனை போர்டில் ஒரு கணக்கைப் போட்டு அப்பாவுக்கு விளக்கச் சொல்லுங்கள். அவர் என்ன தொழில் செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. கடை வைத்திருப்பவராக இருந்தால், பையன் தடுமாறுகிற இடத்தில் அவரே எழுந்து திருத்தினாலும் திருத்துவார்.