சிங்க் அடைப்புக்கு ஆசிட் வேணாம் சார்

பழைய வீடு, ஜிஐ பைப்பு (துத்தநாகம் பூசின இரும்பு பைப்பு), டிரைன் பவுடர் ரெண்டு தடவ போட்டும் தண்ணி இறங்கல, அடுத்து ஆசிட் ஊத்தலாமான்னு கேக்கறீங்க. தயவுசெஞ்சு வேணாம் சார். அந்த பவுடர் பெரும்பாலும் காஸ்டிக் சோடாதான், இன்னும் உள்ளயே தேங்கி நிக்கும், அது மேல ஆசிட் பட்டா கொதிச்சு மூஞ்சில தெறிக்கும்.

கிளவுஸும் கண்ணாடியும் போட்டுக்கிட்டு, கீழ ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வெச்சு (அலுமினியம் கூடாது, காஸ்டிக் அரிச்சிரும்) சிங்க்குக்கு அடில இருக்கற பாட்டில் ட்ராப்ப (தண்ணி தேங்கி போற கப்பு) கழட்டி பாருங்க, பல வீட்ல சோத்துப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் அங்கயேதான் உக்காந்திருக்கும். அது கிளீனா இருந்தா அடைப்பு செவுத்துக்குள்ள. அப்ப அடைப்பு எடுக்கற ஸ்பிரிங் வயர வாங்கி நேரா செவுத்து பைப்புல விட்டு சுத்திக்கிட்டே தள்ளுங்க, முட்டுற எடத்துல வேகமா குத்தாதீங்க, துரு ஏறின ஜிஐ எல்போ (பைப்பு வளைவு) கிட்ட பொத்துக்கும், அப்புறம் செவுத்த உடைக்கிற செலவு தனி. வெளிய சேம்பர் (கழிவுத்தண்ணி வந்து விழற தொட்டி) மூடிய தொறந்து ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தா கட்டி வெளிய வருதா இல்ல நடுவுலயே நிக்குதான்னு தெரிஞ்சிரும்.

ஆனா ஒண்ணு, ஜிஐ பைப்பு உள்பக்கம் துரு ஏறி ஏறி ஒன்றரை இன்ச் பைப்பு சுண்டு விரல் கூட நுழையாத அளவுக்கு சுருங்கிரும், சொரசொரன்னு இருக்கறதால எண்ணெய் சீக்கிரமே மறுபடி ஒட்டும். சில மாசத்துலயே திரும்ப அடைச்சா அந்த லைன மட்டும் ரெண்டு இன்ச் பிவிசிக்கு மாத்திருங்க, 40 அடிக்கு ஒரு அடி சரிவு கேளுங்க, திரும்புற எடத்துல டோர் வெச்ச பெண்ட் (தொறந்து சுத்தம் பண்ற மூடி இருக்கற வளைவு) போட சொல்லுங்க.