பத்தாவது முடித்த பையனை டூல் ரூமுக்கு அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

பையன் எஸ்.எஸ்.எல்.சி.யில் 68 சதவீதம், கணக்கில் சுமார், லீவு முழுக்க பெங்களூர் லக்கெரேயில் உங்கள் தம்பியின் லேத் பட்டறையே கதி என்று கிடந்தான் என எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்காரர் பி.யு.சி. (நம்ம பிளஸ் டூ) சயன்ஸ்தான் என்று நிற்கிறார். பையனோ கம்பெனி டை-அப், யுனிவர்சிட்டி டை-அப் என்று அச்சடித்த, தொழிற்சாலைக்கான அச்சும் கருவியும் செய்யக் கற்றுத்தரும் ஒரு டூல் ரூம் பள்ளியின் நோட்டீஸைக் காட்டி இங்கேதான் சேருவேன் என்கிறான். நடுவில் மாட்டிக்கொண்டது நீங்கள்.

அவன் பக்கம்தான் நான். ஆனால் அந்த நோட்டீஸின் பக்கம் இல்லை. டை-அப் என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதற்குப் பின்னால் என்ன காகிதம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இப்படிக் கம்பெனியும் கல்லூரியும் கைகோக்கும் பள்ளிகளில் உலகம் முழுக்கப் பேசப்படுவது நியூயார்க்கின் புரூக்ளினில் 2011-இல் தொடங்கிய பி-டெக். நகரக் கல்வித்துறை, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், ஐ.பி.எம். மூவரும் சேர்ந்து ஆரம்பித்தது. ஒன்பதாவதில் சேரும் பிள்ளை ஆறு வருடத்தில் பள்ளிச் சான்றிதழோடு இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டத்தையும் வாங்கிவிடலாம், கட்டணம் இல்லாமல். அங்கேகூட எல்லோருக்கும் வேலை நிச்சயம் என்று ஐ.பி.எம். சொல்லவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும்போது வரிசையில் முதலில் நிற்கலாம், அவ்வளவுதான். நம்மூரில் நோட்டீஸ் அடிப்பவர்களுக்குத்தான் ‘100% வேலை’ என்று போட ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

பெங்களூரில் இதற்கு நெருங்கிய ஏற்பாடுகள் பல வருடமாகவே இருக்கின்றன. ராஜாஜிநகரில் கர்நாடக அரசின் டூல் ரூம் பயிற்சி மையமான ஜி.டி.டி.சி. 1972-இல் டென்மார்க் உதவியோடு வந்தது. அங்கே டூல் அண்ட் டை மேக்கிங் டிப்ளமோ மூன்று வருடம் உள்ளே, ஒரு வருடம் கம்பெனியில் என்று போகும். 1959-இல் தலச்சேரிப் பக்கம் நெட்டூரில் தொடங்கிய தொழிற்பயிற்சி நிறுவனம் என்.டி.டி.எஃப். இப்போது பீன்யாவில் இருக்கிறது. பிடதியில் டொயோட்டா 2007 முதல் நடத்தும் பயிற்சி நிறுவனம் கர்நாடகக் கிராமப்புறப் பிள்ளைகளை மனதில் வைத்து ஆரம்பித்தது. தங்கிப் படிக்க வேண்டும். உங்களுக்கு அது பொருந்துமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சான்றிதழ். அதில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? டிப்ளமோ என்றால் தொழில்நுட்பப் படிப்புகளுக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அதை வைத்து டி.சி.இ.டி. எழுதலாமா என்று எழுத்தில் கேளுங்கள். இங்கே டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர நடத்தும் தேர்வு அது. உங்கள் வீட்டுக்காரரின் கவலையே ‘நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போனால் டிகிரி இல்லையா என்பார்களே’ என்பதுதானே? அந்த வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தால் பாதி சண்டை அடங்கிவிடும். ஆனால் கணக்கை விட்டுவிடக் கூடாது. இங்குள்ள இன்ஜினியரிங் பல்கலைக்கழகமான வி.டி.யு.வில் இப்படி நடுவில் சேர்பவர்கள் கூடுதல் கணிதம் என்று தனியாகப் படித்துத் தேற வேண்டியிருக்கிறது, பலர் தடுக்கி விழுவது அங்கேதான். டிப்ளமோ படிக்கும்போதே வாரம் இரண்டு நாள் கணக்கு டியூஷன் வைத்துவிடுங்கள்.

அடுத்தது கம்பெனி. எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்லட்டும், ஒப்பந்தம் எந்த வருடம் வரை என்றும் சொல்லட்டும். போன பேட்ச் பிள்ளைகள் அங்கே போய் என்ன செய்தார்கள்? டூல் ரூமில் அச்சு செய்யக் கற்றார்களா, இல்லை வருடம் முழுக்க பிரஸ் முன்னால் நின்று தகடு போட்டு எடுத்தார்களா? இரண்டுக்கும் பெயர் டிரெயினிங்தான். அப்ரண்டிஸ் என்றால் ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும். முடித்த பிறகு வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் கம்பெனியைக் கட்டாயப்படுத்தவில்லை. அபாயகரமான தொழில் என்று வகைப்படுத்திய இடங்களில் 18 வயது ஆகாமல் அப்ரண்டிஸாகச் சேர்க்கவும் முடியாது. உங்கள் பையனுக்கு இப்போது 16. ‘சேர்ந்த முதல் மாதமே ஃபேக்டரி’ என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள்.

இதையெல்லாம் அட்மிஷன் ஆபீஸில் கேட்டால் சிரித்த முகத்தோடு நல்ல பதில்தான் வரும். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் மூன்றாம் வருடப் பையன்களிடம் கேளுங்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பேர், கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷினைத் தொட விடுகிறார்களா, இல்லை டெமோ காட்டி மூடிவைக்கிறார்களா, ஸ்டைபண்ட் பேங்கில் ஏறுகிறதா. பீன்யா பக்கம் தமிழ் பேசும் பையன் ஒருவனாவது இருப்பான், மறைக்காமல் சொல்வான்.

பையனிடமும் ஒன்று சொல்லி வையுங்கள். முதல் சில மாதம் மெஷின் கிடையாது, அரம்தான். இரும்புத் துண்டை வைஸில் கட்டி ராவிக்கொண்டே இருக்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். உள்ளங்கையில் கொப்புளம் வரும். மாமா பட்டறையில் லேத் ஓட்டியவனுக்கு இது அவமானமாகத் தோன்றும், விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் ஓடுகிறார்கள். அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் தம்பியிடம் சொல்லி ஒரு வாரம் அரம் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் இதுதான் வேண்டும் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம்.

நடுவில் விலக மாட்டேன் என்பது போன்ற பாண்ட் பத்திரம் கேட்டால் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்த பிறகுதான் கையெழுத்து. ஒரிஜினல் மார்க் ஷீட்டை சரிபார்க்கக் காட்டுங்கள், அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். நடுவில் வேறு இடம் போக நினைத்தால் அதை வைத்துத்தான் மடக்குவார்கள்.

டிப்ளமோ சீட் கிடைக்காவிட்டால் ஐ.டி.ஐ. இருக்கிறது. இரண்டு வருட டிரேடு முடித்தால் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

அப்புறம் காகித வேலை. குடும்பம் தர்மபுரியிலிருந்து வந்தது என்றீர்கள். இட ஒதுக்கீடு கேட்பதாக இருந்தால் அங்கே வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே எடுபடாது, கர்நாடகத் தாசில்தார் கொடுத்ததுதான் வேண்டும். பையன் ஒன்றாவதிலிருந்து ஸ்ரீராம்புரத்தில்தான் படித்தான் என்பதால் கர்நாடகத்தில் ஏழு வருடம் படித்ததற்கான சான்றிதழைப் பள்ளியில் வாங்கி, வட்டாரக் கல்வி அதிகாரியின் (பி.இ.ஓ.) ஆபீஸில் மேலொப்பம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அட்மிஷன் நேரத்தில் அங்கே கூட்டம் தாங்காது, இந்த வாரமே போய்விடுங்கள்.