இளவயது மரணங்கள் கூடுகின்றனவா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இருபது, முப்பது வயதுகளில் இருப்பவர்கள் முன்பைவிட அதிகமாக இறக்கிறார்கள் என்று அண்மைக்காலமாக அடிக்கடி படிக்க நேர்கிறது. 'நாற்பது சதவீத உயர்வு' என்று ஒரு செய்தி அச்சுறுத்துகிறது. மனித வரலாற்றில் இளைஞர்கள் இவ்வளவு பாதுகாப்பாக வாழ்ந்ததே இல்லை என்று இன்னொரு கட்டுரை தேற்றுகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். அவை வெவ்வேறு ஆண்டுகளை ஒப்பிடுகின்றன, அவ்வளவுதான்.

நீண்ட காலத்தை எடுத்துக்கொண்டால் ஐயத்துக்கே இடமில்லை. வால்மீனின் பெயரால் நாம் அறிந்திருக்கும் எட்மண்ட் ஹேலி, 1693ஆம் ஆண்டில், பிரெஸ்லாவ் (இன்றைய போலந்தில் உள்ளது) நகரத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கொண்டு, ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் உயிரோடு எஞ்சுகிறார்கள் என்று காட்டும் ஓர் ஆயுள் அட்டவணையை வெளியிட்டார். அதில் 20 வயதில் 598 பேர் இருக்கிறார்கள். 40 வயதுக்கு வரும்போது 445 பேரே எஞ்சுகிறார்கள். அதாவது, இருபதைத் தொட்ட நால்வரில் ஒருவர் நாற்பதைப் பார்க்கவில்லை. இன்று வளமான நாடுகள் பலவற்றில் இந்த வயதினரில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே இறக்கிறார்கள் என்பதால், அதே இருபது ஆண்டுகளில் ஏற்படும் இழப்பு நூற்றுக்கு இரண்டைத் தாண்டுவதில்லை. பழங்காலத்தில் சராசரி ஆயுள் குறைவாக இருந்ததற்குக் குழந்தை இறப்பு மட்டுமே காரணம், தப்பிப் பிழைத்து வளர்ந்தவர்கள் நம்மைப் போலவே முதுமை வரை வாழ்ந்தார்கள் என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு இந்த 598, 445 என்னும் இரண்டு எண்களைக் காட்டுவது என் வழக்கம்.

குறுகிய காலத்தை எடுத்துக்கொண்டால் கதை மாறலாம். அமெரிக்காவில் 25 முதல் 34 வயது வரை உள்ளவர்களில், 2019இல் லட்சத்துக்குச் சுமார் 129 பேர் இறந்தார்கள். 2021இல் அது சுமார் 181 ஆயிற்று. நாற்பது சதவீதம் என்பது இப்படிப்பட்ட கணக்கிலிருந்து வருவதுதான், அது பொய்யன்று. கொரோனாத் தொற்று, ஃபென்டனில் என்னும் வீரியம் மிக்க வலிநிவாரணி கலந்த போதைப்பொருள்கள், துப்பாக்கிச் சூடு, சாலை விபத்து என எல்லாம் ஒரே சமயத்தில் சேர்ந்துகொண்டன. 2023இல் விகிதம் 148 அளவுக்கு இறங்கியது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அதே நாட்டில், அதே இரண்டு ஆண்டுகளில், 85 வயதைக் கடந்தவர்களின் இறப்பு லட்சத்துக்குச் சுமார் 13,230இலிருந்து 15,740 ஆக உயர்ந்தது. சதவீதத்தில் பார்த்தால் இது பத்தொன்பதுதான், இளையோருக்கு நேர்ந்ததில் பாதி. தலைகளை எண்ணினாலோ, இளையோரில் லட்சத்துக்கு 52 பேரும், முதியோரில் 2,500க்கும் மேற்பட்டோரும் கூடுதலாக இறந்திருக்கிறார்கள். சிறிய எண்ணின்மீது கணக்கிடும் சதவீதம் எளிதில் பெருத்துவிடும் என்பதால், அடிப்படை எண்ணைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் தரும் செய்தியை நான் பாதிச் செய்தியாகவே கொள்கிறேன். அதற்காக லட்சத்துக்கு 52 என்பதை அற்பமென்று தள்ளிவிடவும் கூடாது. முப்பது வயதில் ஒருவர் இறக்கும்போது இழக்கப்படுவது ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வாழ்க்கை.

கேள்வி: 25 முதல் 44 வயது வரையிலான பிரிவில் இறந்தோர் எண்ணிக்கையை, அந்தப் பிரிவின் மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தேன். அப்படியும் பத்தாண்டுகளில் உயர்வே தெரிகிறது. இதற்குமேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பதில்: வகுத்துப் பார்த்தது நல்லது, பலர் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் இருபது ஆண்டு அகலமுள்ள பிரிவுக்குள்ளேயே வயது நகர்ந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போடுவோம். 25–34 வயதினரில் ஆயிரத்துக்கு ஒருவரும், 35–44 வயதினரில் ஆயிரத்துக்கு இருவரும் ஆண்டுதோறும் இறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஒரு லட்சம் பேரில் முதல் பிரிவில் 60,000, இரண்டாவதில் 40,000 பேர் இருந்தால், இறப்புகள் 60ஐயும் 80ஐயும் கூட்டி 140. பத்தாண்டு கழித்து, முன்பு பிறப்புகள் மிகுந்திருந்த ஆண்டுகளைச் சேர்ந்தவர்கள் மூத்த பிரிவுக்குள் நுழைந்து, விகிதாசாரம் 40,000, 60,000 என்று தலைகீழாகிவிட்டால், இறப்புகள் 40ஐயும் 120ஐயும் கூட்டி 160 ஆகிவிடும். பதினான்கு சதவீதம் உயர்ந்துவிட்டது. ஆனால் எந்த வயதினருக்கும் ஆபத்து ஒரு துளியும் கூடவில்லை.

முதிர்ந்தோர் இறப்பு விகிதம் வயதோடு பெருக்கல் முறையில் ஏறுகிறது என்று ஆங்கிலேயக் கணிதர் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் 1825இலேயே எழுதியிருக்கிறார். பொதுவாக எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இரட்டிக்கிறது என்று கொள்ளலாம். அப்படியிருக்க, ஒரு பிரிவின் சராசரி வயது ஓராண்டு கூடினாலே முடிவில் அதன் சாயல் தெரியும். இதில் அனுபவசாலிகளும் இடறியதுண்டு. அமெரிக்க வெள்ளையர்களில் 45 முதல் 54 வயது வரை உள்ளவர்களின் இறப்பு விகிதம் 1999க்குப் பிறகு உயர்ந்துவருவதாகப் பொருளியலாளர்கள் ஆன் கேஸும் ஆங்கஸ் டீட்டனும் 2015இல் வெளியிட்ட ஆய்வு பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. போருக்குப் பின் பெருகிப் பிறந்த தலைமுறை அந்தப் பத்தாண்டுப் பிரிவுக்குள் மூப்படைந்துகொண்டிருந்ததை ஆண்ட்ரூ கெல்மனும் ஜொனாதன் அவர்பாக்கும் சுட்டிக்காட்டினார்கள். வயதைச் சரிசெய்தபோது பெண்களிடம் உயர்வு நிலைத்தது. ஆண்களிடமோ அது 2005 அளவில் நின்றுபோனது. மற்ற வளமான நாடுகளில் அதே வயதினரின் இறப்பு தொடர்ந்து குறைந்துவந்ததால், ஆய்வின் மையக் கருத்து விழுந்துவிடவில்லை. ஆனாலும் உயர்வின் அளவு கணிசமாகச் சுருங்கியது.

ஆகவே ஐந்தாண்டுப் பிரிவுகளாகவோ, கிடைத்தால் ஒவ்வொரு வயதாகவோ பிரித்துப் பாருங்கள். வயது தரப்படுத்திய விகிதத்தை, அதாவது 'தர மக்கள்தொகை' என்று தேர்ந்துகொண்ட ஒன்றின் வயதுக் கலவையைக் கொண்டு கணக்கிட்ட விகிதத்தைப் பயன்படுத்துவதானால், இரண்டு ஆண்டுகளுக்கும் ஒரே தர மக்கள்தொகை கொள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கப் புள்ளிவிவரங்களில் நெடுங்காலம் 1940ஆம் ஆண்டின் மக்கள்தொகை தரமாக இருந்து, பின்னர் 2000ஆம் ஆண்டின் மக்கள்தொகை அந்த இடத்துக்கு வந்தது. பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் அருகருகே வைத்து எண்களை ஒப்பிடுபவர் ஏமாந்துபோவார்.

கேள்வி: இளையோரின் இறப்பு விகிதம் மட்டும் ஏன் இவ்வளவு ஏறி இறங்குகிறது? புதிதாக ஒன்று புழக்கத்துக்கு வந்த ஆண்டும் விகிதம் உயர்ந்த ஆண்டும் ஒன்றாக இருந்தால், அதையே காரணமாகக் கொள்ளலாமா?

பதில்: முதற்கேள்விக்கு விடை எளிது. இந்த வயதில் உடல் தானே தளர்ந்து இறப்பவர்கள் மிகச் சிலர். தொற்று, பிரசவம், விபத்து, வன்முறை, தற்கொலை, போதை ஆகியவையே உயிரைப் பறிப்பவை. இவை ஒவ்வொன்றும் காலத்துக்குக் காலம் மாறுபவை. காசநோய் வாலிபர்களையே குறிவைத்த நோயாகப் பல தலைமுறைகளுக்கு இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களின் நடுப்பகுதி வரைகூட ஆயிரம் பிரசவங்களுக்கு நான்கு தாய்மார்கள் அளவில் இறந்துகொண்டிருந்தார்கள்; சல்ஃபா மருந்துகளும் பிறகு பெனிசிலினும் வந்தபின் அந்த எண் வேகமாகச் சரிந்தது. வழக்கமான இன்ஃப்ளூயன்சா குழந்தைகளையும் முதியவர்களையும் வாட்டும். 1918இல் வந்ததோ 20 முதல் 40 வயது வரை உள்ளவர்களை வாரிக்கொண்டு போயிற்று. அமெரிக்காவின் சராசரி ஆயுள் அந்த ஓராண்டில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் வீழ்ந்தது. அப்படிப்பட்ட ஆண்டை ஒப்பீட்டின் தொடக்கமாக வைப்பவர், அடுத்த ஆண்டு எதைச் செய்திருந்தாலும் வெற்றி கண்டதாகவே முடிப்பார்.

இரண்டாவது கேள்விக்கு, காலப்பொருத்தம் மட்டும் போதாது என்பதே விடை. எய்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் நடுவில் அமெரிக்காவில் 25–44 வயதினரின் மரணங்களுக்கு அதுவே முதன்மைக் காரணமாக இருந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சை 1996இல் பரவலானது. 1996க்கும் 1997க்கும் இடையே அந்நோயால் நேர்ந்த இறப்பு விகிதம் 47 சதவீதம் குறைந்தது. குறைவு அந்த ஒரு காரணத்தில், அந்நோய் மிகுந்திருந்த வயதினரிடம் நிகழ்ந்ததால்தான் மருந்துக்கு அதன் பெருமையைத் தயங்காமல் கொடுக்க முடிகிறது. ரஷ்யாவிலும் இப்படியே: 1985இல் கோர்பசோவ் மதுவுக்கு எதிராகக் கெடுபிடி செய்தபோது இறப்புகள் குறைந்தன, கெடுபிடி தளர்ந்து, சோவியத் ஒன்றியமும் சிதைந்தபின் உயர்ந்தன, 1994இல் ஆண்களின் சராசரி ஆயுள் 58க்கும் கீழே போயிற்று. இறங்கியபோதும் ஏறியபோதும் மாற்றம் உழைக்கும் வயது ஆண்களிடமும், மதுவோடு தொடர்புள்ள காரணங்களிலுமே மிகுந்திருந்தது. காரணவாரியாகவும் பால்வாரியாகவும் பிரித்துக் காட்ட மறுக்கும் ஒருவர், மொத்த விகிதத்தின் வரைபடத்தில் ஓர் அம்புக்குறியை இட்டு 'இதோ பாருங்கள்' என்றால், பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

கேள்வி: கடைசி சில மாதங்களில் இளவயது மரணங்கள் சட்டென்று குறைந்திருப்பதாக ஓர் அட்டவணை காட்டுகிறது. மகிழலாமா?

பதில்: சற்றுப் பொறுங்கள். முதியவர் ஒருவர் நோயால் இறந்தால் சான்றிதழ் சில நாட்களில் பதிவாகிவிடும். இளைஞர் ஒருவர் திடீரென்று இறந்தால் பிரேதப் பரிசோதனை, ரசாயனச் சோதனை, விசாரணை எல்லாம் முடிய வேண்டும். இங்கிலாந்தில் விசாரணைக்குட்பட்ட மரணங்கள் பல மாதங்களுக்குப் பிறகே பதிவேட்டில் ஏறுகின்றன. எனவே அட்டவணையின் கடைசி வரிகள் இளையோருக்கு எப்போதும் குறைவாகவே தெரியும். வகுக்கும் எண்ணிலும் இதே தொல்லை உண்டு. வேலைக்கும் படிப்புக்கும் நாடு விட்டு நாடு போகிறவர்கள் பெரும்பாலும் இந்த வயதினரே. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் எத்தனை பேர் என்பது மதிப்பீடுதான். அடுத்த கணக்கெடுப்பு வந்ததும் பழைய விகிதங்களும் திருத்தப்படும்.

கேள்வி: பழைய அட்டவணைகளில் போர் ஆண்டுகளை என்ன செய்வது?

பதில்: அட்டவணை யாரைக் கணக்கில் கொண்டது என்று முதலில் அடிக்குறிப்பைப் படியுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் அதிகாரபூர்வ எண்கள் உலகப்போர் ஆண்டுகளில் குடிமக்களை மட்டுமே குறிக்கின்றன. போர்முனையில் மாண்ட வாலிபர்கள் அதில் இல்லை. ஆரோக்கியமானவர்கள் படைக்குப் போய்விட, உடல்நலம் குன்றியோர் மிகுதியாக ஊரில் எஞ்சியதால், அந்த விகிதம் ஒரு பக்கம் உண்மையைவிடக் குறைவாகவும் இன்னொரு பக்கம் அதிகமாகவும் பிழைபடுகிறது. வரைபடத்தில் ஆண்களுக்கான கோட்டில் அந்த ஆண்டுகளை இடைவெளியாக விட்டுவிட்டு, இருபுறமும் உள்ள ஆண்டுகளை மட்டும் ஒப்பிடுவதே நேர்மையானது. பெண்களுக்கான கோட்டில் இடைவெளி விட வேண்டியதில்லை.